முகூர்த்தத்துக்குள் பல் நகருமா?



நேற்று மாலை என் தங்கை வீட்டிலிருந்து கல்யாண ஆல்பம் வந்து சேர்ந்தது. ஆல்பம் வந்த சமாசாரம் அக்கம்பக்கத்துக்கு எப்படித்தான் தெரிகிறதோ! காப்பி டம்ளரை நான் கீழே வைப்பதற்குள் எதிர்வீட்டு மாமியும், மாடி வீட்டுப் பெண்ணும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். புடவை என்ன விலை, ஜடை தைத்தது யார், மாப்பிள்ளை என்ன உயரம் என்றெல்லாம் விசாரணை நடந்தது. நாலாவது பக்கத்தைப் புரட்டியபோது எதிர்வீட்டு மாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏன் மாமி, பெண் பல்லில் என்னவோ மினுக்குகிறதே! கிளிப்பா?"

"ஆமாம், கிளிப்தான்."

"கல்யாணத்தன்றைக்குமா? அதற்குள் முடித்துக் கழற்றியிருக்கக் கூடாதோ? இப்போதெல்லாம் ஆறு மாசத்தில் பல்லை வரிசையாக்கி விடுகிறார்களாமே!"

நான் சிரித்துவிட்டேன். போன ஆனி மாதம் நாங்களும் இதே கேள்வியைத்தான் கேட்டோம். அதற்குப் பதில் தெரிந்துகொள்வதற்குள் எங்கள் வீட்டில் நடந்த அமர்க்களத்தை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. உங்கள் வீட்டிலும் கல்யாணத்துக்கு ஒரு பெண்ணோ பிள்ளையோ இருக்கலாம். நாலு பேருக்குப் பிரயோஜனப்பட்டால் நல்லதுதானே?

ஒரு சொல்

என் தங்கை பெண்ணுக்கு 24 வயது. பாங்கியில் வேலை. சிறு வயதிலிருந்தே மேல் வரிசைப் பல் சற்று முன்னால் தள்ளியிருக்கும். கோரைப் பல் ஒன்று இடமில்லாமல் மேலே ஏறி நிற்கும். தெற்றுப் பல் அதிர்ஷ்டம் என்று பாட்டி சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டாள். பெண் வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் சிரித்தால் கூட இருப்பவர்களும் சிரித்துவிடுவார்கள்.

நிச்சயதார்த்தம் நடந்தது. பிள்ளை வீட்டார் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது யார் தெரியுமா? நம் பக்கத்து உறவுக்காரக் கிழவி ஒருத்தி. "பெண் லட்சணம்தான். வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதும்" என்று சபையில் நாலு பேர் காது கேட்கச் சொல்லிவிட்டாள். வேடிக்கைக்குச் சொன்னாளோ, வினயமாகச் சொன்னாளோ, அன்று மாலையிலிருந்து எடுத்த படங்களில் எல்லாம் பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு. எனக்கும் முன் பல் எடுப்புத்தான். பதினாறு வயதில் யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காகத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினேன். இன்று வரை அந்தப் பழக்கம் போகவில்லை. ஆகவே அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பத்தே நாளில்!

முகூர்த்தம் தை மாதம் என்று குறித்திருந்தது. கையில் ஏழு மாதம் இருந்தது. தங்கை சும்மா இருப்பாளா? கைபேசியில் ஏதோ விளம்பரத்தைப் பார்த்துப் பெண்ணை ஓரிடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். குளிர்சாதன அறை, மெத்தென்ற சோபா, நுனிநாக்கில் பேசும் ஒரு பெண். வைத்தியர் வந்து வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, "கிளிப் எல்லாம் பழைய கதை, மேடம். முன் பல் ஆறையும் சுற்றித் தேய்த்துக் கேப் போட்டுவிட்டால் பத்தே நாளில் வேலை முடிந்துவிடும்" என்றாளாம். திங்கட்கிழமை முன்பணம் கட்டுவதாகத் தங்கை ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அக்கா, பத்து நாள்தான்! ஜம்மென்று ஆகிவிடும்" என்றாள் தங்கை.

"ஏண்டி, சொத்தையா அவளுக்கு?"

"சொத்தை ஒன்றும் இல்லை. கல் மாதிரி இருக்கிறது பல்."

"கல் மாதிரி இருக்கிற பல்லை எதற்குத் தேய்க்க வேண்டும்?"

தங்கைக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியாதுதான். பெண் மட்டும், "எனக்கும் அதுதான் பயமாக இருக்கிறது, பெரியம்மா" என்றாள். பணம் கட்டுவதற்கு முன்னால் இன்னொரு வைத்தியரையும் கேட்டுவிடலாம் என்று ஒரு பல் சீரமைப்பு நிபுணரிடம் மூன்று பேரும் போனோம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். பல் வைத்தியம் படித்தவர்கள் எல்லோரும் பல் டாக்டர்தான். ஆனால் பல்லை நகர்த்தி வரிசைப்படுத்துவதற்கென்று மேற்கொண்டு மூன்று வருஷம் தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போனது அப்படிப் படித்த ஓர் அம்மாளிடம்.

அந்த டாக்டர் அம்மாள் படம் எடுத்தார், அச்சு எடுத்தார், நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, "மேலே இரண்டு சிறு பல்லை எடுத்து இடம் பண்ண வேண்டும். கிளிப் போட்டால் 18 மாதத்திலிருந்து 24 மாதம் ஆகும்" என்றார்.

தங்கைக்கு முகம் விழுந்துவிட்டது. "டாக்டர், கொஞ்சம் இறுக்கமாகக் கட்டி, சீக்கிரம் முடிக்கக் கூடாதா? செலவு கூட ஆனாலும் பரவாயில்லை" என்றாள்.

டாக்டர் அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார்.

ஒரு பக்கம் இடிப்பு, ஒரு பக்கம் கட்டு

சுவரில் ஆணி அடித்த மாதிரி பல் எலும்பில் நேராகப் பதிந்திருக்கிறது என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் மெல்லிய நார்கள் வேரைச் சுற்றிலும் எலும்போடு கட்டித் தாங்கிக்கொண்டிருக்கின்றன. தூளியில் குழந்தை கிடக்கிற மாதிரி பல் அந்த நார்களுக்கு நடுவில் தொங்குகிறது. நாம் கடலையைக் கடிக்கும்போது அதிர்ச்சி தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கிளிப்பில் உள்ள கம்பி பல்லை ஒரு பக்கமாக மெதுவாகத் தள்ளுகிறது. தள்ளுகிற பக்கத்தில் நார் நசுங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் நார் இழுபடுகிறது. நசுங்குகிற பக்கத்தில் எலும்பைக் கரைக்கிற உயிரணுக்கள் வந்து சேர்கின்றன. இழுபடுகிற பக்கத்தில் எலும்பைக் கட்டுகிற உயிரணுக்கள் வேலை செய்கின்றன. முன்னால் இருக்கும் சுவரை இடித்துக்கொண்டு, பின்னால் புதுச் சுவர் எழுப்பிக்கொண்டே ஒரு வீட்டை நகர்த்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் வேலை நடக்கிற வேகத்துக்குத்தான் வீடு நகரும்.

அந்த வேகம் எவ்வளவு? மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். எடுக்கிற சிறு பல்லின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். அந்த இடைவெளியை மூடுவதற்கே ஏழெட்டு மாதம் ஆகிவிடும். அதற்கு முன்னால் கோணல்களை நேராக்கச் சில மாதம். அதற்குப் பின்னால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்திக் கடிக்கும்படி சரிசெய்யச் சில மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றரை வருஷம் தானாக வந்து நிற்கிறது. டாக்டர் வேண்டுமென்று இழுத்தடிக்கவில்லை!

இறுக்கினால் என்ன?

"சரி, இன்னும் பலமாகத் தள்ளினால் கொத்தனார் வேகமாக வேலை செய்ய மாட்டாரா?" என்று நான் கேட்டேன்.

அதுதான் இல்லை. 1904-ம் வருஷத்திலேயே சுவீடன் தேசத்துக் கார்ல் சான்ட்ஸ்டெட் என்பவர் நாய்களின் பல்லைக் கம்பியால் நகர்த்தி, எலும்பைச் சீவி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பலமாகத் தள்ளினால் அந்த இடத்து நாரில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கிப் போகின்றன. இரத்த ஓட்டம் நின்றால் எலும்பைக் கரைக்கிற உயிரணுக்கள் அங்கே எப்படி வரும்? அவை பின்பக்கமாகச் சுற்றி வந்து, எலும்பை உள்ளிருந்து குடைய வேண்டியிருக்கிறது. அது வரையில் பல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வேகமாகப் போகட்டும் என்று இறுக்கினால் தாமதந்தான் மிச்சம்!

1932-ல் வியன்னாவைச் சேர்ந்த ஷ்வார்ட்ஸ் என்ற வைத்தியர் இதற்கு ஓர் அளவே சொல்லியிருக்கிறார். வேரின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரை அழுத்தம் போதுமாம். இரண்டு மூன்று காகிதத் தாள்களை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். 15 கிராம் போல இருக்கும். அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கல்லைப் போல இருக்கும் பல் அந்த மெல்லிய அழுத்தத்துக்கு அசைந்து கொடுக்கிறது.

வலுக்கட்டாயத்தில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. எலும்பைக் கரைக்க வந்த அணுக்கள் பல்லின் வேரையும் சேர்த்துக் கரைத்துவிடலாம். கிளிப் போடுகிறவர்களில் பலருக்கு வேர் நுனி இம்மியளவு தேய்வது உண்டு. அதனால் பாதகம் ஒன்றும் இல்லை. ஆனால் அது மிஞ்சினால் வேர் குட்டையாகிவிடும். குட்டையான வேர் மறுபடி வளராது. கல்யாணத்துக்காக அவசரப்பட்டு, நாற்பது வயதில் ஆடுகிற பல்லோடு நிற்பதா? நீங்களே சொல்லுங்கள்.

வேகம் தேடியவர்கள்

வைத்திய உலகம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பல்லை வேகமாக நகர்த்துவதற்கு வழி தேடியவர்கள் பலர். டாக்டர் அம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டேன்.

1959-ல் ஆஸ்திரியாவின் ஹைன்ரிக் கோலே என்ற அறுவை வைத்தியர் ஈற்றை விலக்கி, பல்லைச் சுற்றியுள்ள எலும்பில் வெட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பல்லை நகர்த்தினார். சீக்கிரமே நகர்ந்தது. எலும்புத் துண்டோடு சேர்ந்து பல் நகர்கிறது என்று அவர் எண்ணினார். உண்மைக் காரணம் வேறு. 1983-ல் எலும்பு வைத்தியர் ஹெரால்டு ஃப்ராஸ்ட் ஒரு சங்கதியை எடுத்துச் சொன்னார். எலும்பில் காயம் பட்டால், அதை ஆற்றுவதற்காக அந்த வட்டாரத்தில் எலும்பு கரைவதும் கட்டுவதும் சில மாதங்களுக்கு மும்முரமாக நடக்கும். 2001-ல் அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த வில்கோ சகோதரர்கள் இந்த இரண்டையும் சேர்த்து, எலும்பில் கீறல் போட்டு, மேலே எலும்புத் தூளும் வைத்து, அந்த மும்முர காலத்துக்குள் பல்லை நகர்த்திக் காட்டினார்கள். வழக்கமாக ஆகும் காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிவதாகச் சொன்னார்கள்.

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதையே செய்துவிடுங்களேன், டாக்டர்!"

"செய்யலாம், அம்மா. ஆனால் அது ஆபரேஷன். ஈற்றைத் திறக்க வேண்டும். வீக்கம், வலி, செலவு எல்லாம் உண்டு. வேகமும் சில மாதத்துக்குத்தான் இருக்கும்; அப்புறம் எலும்பு பழைய நிதானத்துக்கு வந்துவிடும். எலும்பு மெலிந்த பெரியவர்களுக்கு, வேறு காரணத்தோடு சேர்த்துச் செய்வது உண்டு. ஒரு தேதிக்காக மட்டும் என் பெண்ணுக்கு நான் செய்ய மாட்டேன்" என்றார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று எலும்பில் சின்னச் சின்னத் துளை மட்டும் போட்டுப் பார்த்தார்கள். 2013-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தார் செய்த ஒரு சோதனையில், 28 நாளில் கோரைப் பல் இரண்டு மடங்குக்கும் மேல் நகர்ந்ததாகக் கண்டார்கள். எல்லோரும் ஆகா என்றார்கள். ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்த பல சோதனைகளில் அந்த வேகம் கிடைக்கவில்லை.

அடுத்தது, தினம் 20 நிமிஷம் வாயில் கடித்துக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி. கிர்ரென்று அதிரும். 2015-ல் இங்கிலாந்தில் 81 இளவயதினரை மூன்று பிரிவாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு அதிரும் கருவி, இன்னொன்றுக்கு அதிராத போலிக் கருவி, மூன்றாவதற்குக் கருவியே இல்லை. மூன்று பிரிவிலும் பல் ஒரே வேகத்தில்தான் வரிசைக்கு வந்தது!

எலும்பைக் கரைக்கத் தூண்டும் இரசாயனத்தை ஈற்றில் ஊசியாகப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். வலியும், வேர் கரைகிற பயமும் வந்ததால் அது வழக்கத்துக்கு வரவில்லை. லேசர் ஒளி காட்டுகிறார்கள். அதைப் பற்றி ஒருமித்த முடிவு இன்னும் ஏற்படவில்லை. கம்பியைத் தானே பூட்டிக்கொள்ளும் புது மாதிரிக் கிளிப்புகள் வந்திருக்கின்றன. அவற்றால் சீக்கிரம் முடியும் என்றார்கள்; ஒப்பிட்டுப் பார்த்ததில் மொத்தக் காலம் குறையவில்லை. வைத்திய ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு இருக்கிறது. ஆபரேஷன் இல்லாத வேக முறைகளை 2015-லும் மறுபடி 2023-லும் அது ஆராய்ந்தது. நம்பிச் செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு.

உண்மையாகவே உதவிய ஒன்றும் உண்டு. அது நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த உலோகம் அது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும். 1970-களின் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். பழைய எஃகுக் கம்பி முறுக்கியவுடன் பலமாக இழுக்கும். சில நாளில் தொய்ந்துவிடும். இந்தக் கம்பியோ வாரக் கணக்கில் மெதுவாக, விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். கொத்தனாரை அது விரட்டுவதில்லை. நாள் தவறாமல் வேலைக்கு வரவழைக்கிறது!

கேப் என்னும் குறுக்கு வழி

அப்போதுதான் தங்கை மெல்ல, "பத்து நாளில் கேப்..." என்று இழுத்தாள்.

டாக்டர் அம்மாளின் முகம் மாறியது. "அம்மா, கேப் நல்ல வைத்தியந்தான். உடைந்த பல்லுக்கும், வேர் சிகிச்சை செய்த பல்லுக்கும் அது வேண்டும். இந்தப் பெண்ணுக்கு ஆறு பல்லும் பழுது இல்லாமல் இருக்கிறது. கேப் உட்கார வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். மேல் பூச்சான எனாமல் ஒரு தடவை போனால் திரும்ப வளராது. முன்னால் தள்ளிய பல்லை உள்ளே இருப்பதாகக் காட்ட இன்னும் ஆழமாகச் சீவ வேண்டியிருக்கும். நரம்பு வரைக்கும் போனால் ஆறு பல்லுக்கும் வேர் சிகிச்சை. கேப்பும் ஆயுசுக்கு வராது. தேயும், உடையும், மாற்ற வேண்டும். 24 வயதில் ஆரம்பித்தால் எத்தனை தடவை மாற்றுவீர்கள்?" என்றார்.

பெண் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பணம் கட்டியிருந்தால்? நினைத்தாலே பகீர் என்கிறது.

ஆறு மாதத்தில் முடியும் என்கிறவர்கள் எல்லோரையும் மோசக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கடியைத் தொடாமல் முன் பல்லின் சிறு கோணலை மட்டும் நேராக்குகிற முறை உண்டு. லேசான கோணலுக்கு அது போதும். ஆறு மாதத்தில் முடியவும் முடியும். எதைச் செய்யப் போகிறோம், எதை விட்டுவிடப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் தவறே இல்லை. ஆகையால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: "என் கடி சரியாகுமா, வரிசை மட்டுமா? நல்ல பல்லைத் தேய்ப்பீர்களா? வேருக்குப் படம் எடுத்துப் பார்த்தீர்களா? முடிந்த பிறகு பல் பழைய இடத்துக்குப் போகாமல் இருக்க என்ன ஏற்பாடு?" இந்த நாலு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் நல்ல வைத்தியர்.

நம் கையில் இருப்பது

எலும்பை விரட்ட முடியாது. ஆனால் கிடைத்த நாளை வீணாக்காமல் இருக்க முடியும் அல்லவா? பலருக்கு இரண்டு வருஷம் மூன்று வருஷமாக நீள்வதற்குக் காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறதாம்.

முதலாவது முறுக்கு! தட்டை, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, ஐஸ் கட்டி எல்லாம் அந்த ஜாதிதான். பல்லில் ஒட்டியிருக்கும் கட்டை ஒன்று பெயர்ந்தால் அந்தப் பல்லுக்கு அன்றோடு வேலை நின்றுபோகும். மறுபடி ஒட்டும் வரை கணக்கில் வராத நாள் அது. கொய்யாவும் ஆப்பிளும் வேண்டுமானால் துண்டாக நறுக்கிச் சாப்பிடலாம்.

இரண்டாவது, குறித்த நாளில் டாக்டரிடம் போகாமல், "பரீட்சை முடியட்டும், பண்டிகை போகட்டும்" என்று தள்ளுவது. மூன்றாவது, மாட்டிக்கொள்ளச் சொன்ன ரப்பர் வளையத்தை ராத்திரி மட்டும் மாட்டுவது. சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுவதும் என்று சொன்னால் நாள் முழுவதுந்தான். கழற்றி மாட்டுகிற கண்ணாடி மாதிரி அலைனருக்கும் இதுவே சட்டம். தினம் 20 முதல் 22 மணி நேரம் அது வாயில் இருக்க வேண்டும். கைப்பையில் இருந்தால் பல் நகராது!

நாலாவது, பல் தேய்ப்பதில் அலட்சியம். கம்பியைச் சுற்றிச் சோற்றுப் பருக்கை தங்கினால் ஈறு வீங்கும். கிளிப்பைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் துலக்குவது அவசியம்.

ஐந்தாவது விஷயம் எனக்கே புதிது. கம்பி மாற்றிய இரண்டு மூன்று நாள் பல் கூசும், வலிக்கும். உடனே வீட்டில் இருக்கிற ஏதோ ஒரு வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை வீக்கத்தைத் தணிப்பவை. பல் நகர்வதற்கு அந்த லேசான வீக்கமே தூண்டுகோல். ஆகவே அவற்றை அடிக்கடி சாப்பிட்டால் நகர்வு மந்தப்படலாம் என்று கருதுகிறார்கள். பாரசிட்டமாலுக்கு அந்தத் தொல்லை இல்லை என்று அதையே பெரும்பாலும் சிபாரிசு செய்கிறார்கள். எதுவானாலும் உங்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள், பல் எடுப்பதற்கும் கிளிப் போடுவதற்கும் முன்னால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகள் எலும்பு கரைவதையே தடுக்கின்றன. பல் எடுத்த புண் ஆறுவதும் சிரமமாகிவிடலாம்.

கிளிப்பைக் கழற்றிய பிறகும் ஒரு காரியம் உண்டு. ஈற்றில் இருக்கும் நார்கள் பழைய இடத்துக்குப் பல்லை இழுத்துக்கொண்டே இருக்கும். அவை புது இடத்துக்குப் பழக ஒரு வருஷம் வரை ஆகலாம். அதற்காகக் கொடுக்கும் ரிடெய்னரை அலமாரியில் பூட்டி வைத்தால், இரண்டு வருஷத்துப் பொறுமையும் பணமும் ஆற்றில் கரைத்த புளிதான்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், கல்யாணப் பேச்சு வரும் வரை காத்திருக்காதீர்கள். ஏழு வயதில் ஒரு தடவை நிபுணரிடம் காட்டிவிடுவது நல்லது என்கிறார்கள். காட்டினாலே கிளிப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. தாடை வளர்கிற வயதில் சில கோளாறுகளைச் சுலபமாகத் திருப்பிவிடலாம். வளர்ந்த பிறகு அது கஷ்டம்.

"வலிக்குமா?"

டாக்டர் வீட்டிலிருந்து கிளம்பும்போது பெண் ஒரு கேள்வி கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

"டாக்டர், கிளிப்போடு கல்யாணம் பண்ணிக்கொண்டால் என்ன?"

டாக்டர் அம்மாள் சிரித்தார். "ஒன்றும் இல்லை. பல் நிறத்திலேயே கட்டை வைக்கலாம். வேண்டுமானால் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் கம்பியை மட்டும் கழற்றியும் வைக்கலாம்."

"வேண்டாம், டாக்டர். ஒரு நாள் கூட வீணாக வேண்டாம்" என்றாள் பெண். செலவு குறைவு என்று சாதாரண உலோகக் கட்டையே போதும் என்றும் சொல்லிவிட்டாள்.

அன்று ராத்திரி அவளே மாப்பிள்ளைக்குப் பேசினாள். அம்மா தடுத்தும் கேட்கவில்லை. "பல்லில் கம்பி போட்டுக்கொள்ளப் போகிறேன். கல்யாணத்தின்போதும் இருக்கும். உங்கள் வீட்டில் ஏதாவது நினைப்பார்களா?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்ததாம். "ரொம்ப வலிக்குமா?"

இதைத் தங்கை என்னிடம் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. பல்லைச் சரிப்படுத்தினால்தான் பெண்ணுக்கு மதிப்பு என்று ஏழு மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். பிள்ளைக்கோ பெண்ணின் வலிதான் முதலில் தோன்றியது.

தையில் கல்யாணம் நடந்தது. அப்போது முன் வரிசை கிட்டத்தட்ட நேராகியிருந்தது. பல் எடுத்த இடம் பாதி மூடியிருந்தது. இப்போது பத்தாவது மாதம் நடக்கிறது. இன்னும் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும் என்கிறார் டாக்டர். குறித்த நாள் ஒன்று கூட அவள் தவறவில்லை. முறுக்கைத் தொடவில்லை; சீர் வரிசையில் வந்த அத்தனை முறுக்கையும் மாப்பிள்ளையே தின்று தீர்த்தாராம்!

எதிர்வீட்டு மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆல்பத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார். மாலை மாற்றும் படத்தில் பெண் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கம்பி பளிச்சென்று தெரிகிறது.

"நன்றாகத்தான் இருக்கிறாள்" என்றார் மாமி. பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பேரனுக்கு எட்டு வயசு. அந்த டாக்டர் எங்கே இருக்கிறார், மாமி?" என்று கேட்டார்.

விலாசம் எழுதிக் கொடுத்தேன். அந்த டாக்டரிடம் நானும் அன்று கிளம்பும்போது, "என் வயசுக்குமேல் பல் நகருமா?" என்று விளையாட்டாகக் கேட்டு வைத்திருந்தேன். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் வயசு தடையில்லை, கொஞ்சம் கூட நாளாகும் என்றார். போகட்டும், எனக்கு இது பழகிவிட்டது. ஆனால் அடுத்த முறை எங்கள் வீட்டில் படம் எடுக்கும்போது தலைப்பால் வாயை மூடுவதில்லை என்று மட்டும் தீர்மானித்திருக்கிறேன். நீங்களும் பெண் குழந்தைகளிடம் பேசும்போது கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள், சகோதரிகளே. பல்லை இரண்டு வருஷத்தில் சரிப்படுத்திவிடலாம். என் பதினாறு வயதில் விழுந்த சொல் இன்னும் என்னோடு இருக்கிறது.